துளசியைப் படுக்கவைத்துக் கொண்டுபோன கதை

1

இந்தக் கதை என் கைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை விடியற்காலையில். நாசி கண்டார் சோற்றுக்கடை வேன் ஒன்றின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, மெத்தையில் மல்லாந்து படுத்திருந்த ஒரு பெண்ணின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு நான் பினாங்குப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தேன். அவளுக்கு நோய்நொடி எதுவும் இல்லை. ராணுவ அகாடமியில் சேர விண்ணப்பம் போட்டிருந்தாள். அன்று காலை அவளை அளக்கப்போகிறார்கள். அளக்கும்வரை அவள் எழுந்து நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

கதைக்காக யார் காலையும் பிடிப்பேன் என்று எழுத்தாளர்கள் மேடையில் சொல்வதுண்டு. நான் பிடித்தது நிஜக் கால். சாக்ஸ் போட்டிருந்தது.

அன்று வீடு திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

"பினாங்குத் தீவின் மேல் பொன்னிறக் கதிரவன் எழுந்த அந்த வேளையில், வீரமங்கை ஒருத்தியின் கனவும் மெல்ல மெல்ல

அதற்குமேல் கை ஓடவில்லை. கதிரவன் எழவே இல்லை, மழை தூறிக்கொண்டிருந்தது. வீரமங்கையோ, "அக்கா, கூசுது. கொஞ்சம் மேல புடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த முயற்சி:

"ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில், வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்த அந்தச் சின்னஞ்சிறு குடும்பம்

துளசியின் அம்மா புஷ்பவள்ளி இதைப் படித்தால் என் கதி என்ன? அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி என் வீட்டுச் சுவரைவிடப் பெரியது. வறுமையை எடுத்துவிட்டேன். (எடுத்த பிறகு கதை கொஞ்சம் இளைத்துப்போனது. இவ்வளவு நாள் என் கதைகளைத் தாங்கி நின்றது வறுமைதான் என்பது அப்போதுதான் உறைத்தது.)

மூன்றாவது வரி நின்றது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

துளசி அரை சென்டிமீட்டர் குட்டை.

எதைவிடக் குட்டை என்றால், அகாடமி கேட்ட உயரத்தைவிட. பத்தொன்பது வயது. ஆறாம் படிவம் நல்ல புள்ளிகளோடு முடித்தவள். ஓட்டம், தண்டால், எல்லாம் சரி. பள்ளியில் கடேட் அணிக்குத் தலைவியாக இருந்தவள். கிளினிக்கில் போய் அளந்து பார்த்த அன்றுதான் அரை சென்டிமீட்டர் விஷயம் தெரிந்தது.

அவர்கள் வீடும் என் வீடும் ஒரே வரிசை. நடுவில் ஒரு சுவர். நான் ஜெகதீஸ்வரி. சூலியா தெருவுக்குப் பின்சந்தில் பேனரும் கல்யாண அட்டையும் அச்சடிக்கும் கடையில் வேலை. இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறேன். வாங்கியவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் என் சொந்தக்காரர்களிடம் கடன்பட்டவர்கள். சுவர் மெல்லியது என்பதால் எனக்கு இலக்கியம் சும்மாவே கிடைக்கிறது.

[ரைஃபிள் ரேஞ்ச் என்ற பெயரை நான் கதைக்காகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு காலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகிய இடமாம். ராணுவத்தில் சேர ஆசைப்படும் பெண்ணை நானாக எங்கேயாவது குடிவைப்பதாக இருந்தால், இவ்வளவு அப்பட்டமான பெயரில் குடிவைத்திருக்க மாட்டேன்.]

கிளினிக்கிலிருந்து வந்த அன்று சுவருக்கு அந்தப்பக்கம் போர் மூண்டது.

"ஒங்க பரம்பரையில யாராச்சும் நிலைப்படியில தல இடிச்சிருக்காங்களா? ஒரு ஆளச் சொல்லுங்க பாப்போம்." இது புஷ்பவள்ளி. மாக் மண்டினில் மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்ப்பவள். குறையைக் கண்டுபிடிப்பது அவளுக்குத் தொழில்.

"ஒங்கப்பாவ கல்யாண ஃபோட்டோவுல ஸ்டூல் மேல நிக்க வச்சி எடுத்தாங்களே, அது?" இது தயாளன், அவள் கணவர். துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறவர். அவ்வளவு பெரிய லாரிக்குள் ஏறி உட்கார்ந்தால் வெளியிலிருந்து அவர் தொப்பி மட்டும்தான் தெரியும்.

"அது ஸ்டைலு!"

"ஸ்டைலாம் ஸ்டைலு. பொண்ணு படுறா பாரு, ஒங்கப்பன் ஸ்டைலால."

போர் நிறுத்தம் கொண்டுவந்தவன் கீழ்மாடி ஹைக்கல். மக்சிக் (மலாயில் அத்தை) காமாரியாவின் மகன், மலாய்க்காரப் பையன். துளசியோடு ஒன்றாகப் படித்தவன். அவனும் அதே அகாடமிக்கு விண்ணப்பித்திருந்தான். வாழைமரம் மாதிரி வளர்ந்தவன், அவனுக்கு உயரத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் துளசிக்காக இணையத்தைத் துழாவி ஒரு செய்தியோடு வந்தான். மனிதன் படுக்கையை விட்டு எழும்போதுதான் மிக உயரமாக இருக்கிறான். எழுந்து நடக்க நடக்க முதுகெலும்பு அமுங்குகிறது. மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையலாம்.



"அப்ப எந்திரிக்காமலே போனா?" என்றாள் துளசி.

3

இங்கே கதையை நிறுத்தி ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தத் துளசியின் மேல் நம்பிக்கை வரவில்லை.

கதாநாயகி என்றால் உள்ளே ஒரு காயம் இருக்க வேண்டும். எல்லையில் உயிர்விட்ட தாத்தா. கொள்ளையரால் தாக்கப்பட்ட தோழி. குறைந்தபட்சம் ஒரு குடிகார அப்பா. தயாளன் குடிப்பது வெறும் பார்லித் தண்ணீர். தாத்தா, மேலே சொன்ன ஸ்டூல் தாத்தாதான். எல்லைக்குப் போனதில்லை, ஈப்போவுக்கே இரண்டு முறைதான் போனார்.

நேர்முகத் தேர்வில் "ஏன் சேர விரும்புகிறாய்?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுக்கச் சொல்லி துளசி என்னிடம்தான் வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேட்டி எடுப்பதுபோல எதிரே உட்கார வைத்தேன்.

"உண்மையைச் சொல்லு. ஏன் இந்த ஆசை?"

"சிரிக்கக் கூடாது, அக்கா."

"சிரிக்க மாட்டேன்."

"எனக்கு ஆர்டர் குடுக்கப் புடிக்கும்."

"என்னது?"

"ஸ்கூல்ல கடேட்ல நான் 'இடது பக்கம் திரும்பு'ன்னு சொன்னா அறுவது பேரு திரும்புவாங்க. பையனுங்களும் திரும்புவாங்க. வீட்டுல உப்பு எடுத்துக் குடுன்னு சொன்னாக்கூட யாரும் திரும்ப மாட்டாங்க. அதான்."

"நாட்டுப்பற்று?"

"அதுவும் இருக்கு லா. ஆனா முதல்ல இதான்."

இதை வைத்து நான் என்ன செய்வது? தமிழ்க் கதையில் பெண் பொறுத்துக்கொள்ளலாம், பொங்கி எழலாம், கடைசியில் கிணற்றடிக்குப் போகலாம். அதிகாரம் பண்ணப் பிடிக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லும் பெண்ணுக்கு நம்மிடம் வில்லி வேடம்தான் மிச்சம் இருக்கிறது. ஆகவே அவள் சொன்னதை ஒதுக்கிவிட்டு, இரண்டு பக்கத்துக்கு உணர்ச்சி பொங்க ஒரு பதில் எழுதினேன். மண், கொடி, வியர்வை, மூதாதையர் இரத்தம் எல்லாம் இருந்தது. அதை மலாயிலும் எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதிகாரி ஆவதற்கான தகுதி அதுதானோ என்னவோ.

4

நாகூர் மீரான் சூலியா தெருவில் நாசி கண்டார் கடை வைத்திருப்பவர். தயாளனுக்கு இருபது வருடப் பழக்கம். விருந்துகளுக்குச் சோறு கொண்டுபோகும் நீளமான வேன் அவரிடம் இருக்கிறது. பின்னால் இருக்கை கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், "நானே ஓட்டுறேன் தம்பி. பிள்ளய ஆடாம கொண்டுபோய்ச் சேக்கிறது என் பொறுப்பு. அண்டா நெறய மீன் ஆணம், கொழம்பு, சிந்தாம கொண்டுபோறவன், எலும்பு அமுங்காம கொண்டுபோக மாட்டேனா?" என்றார்.

விடியும் முன் துளசியைப் பாயோடு தூக்கி, மாடிப்படி இறக்கி, வேனில் போட்டிருந்த மெத்தையில் கிடத்தினோம். தயாளன் தலைமாட்டில், ஹைக்கல் கால்மாட்டில், நடுவில் நானும் புஷ்பவள்ளியும். பார்த்த இரண்டு பேர் "ஐயோ" என்றார்கள். ஒரு சீனக் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா, நான் உயிரோடதான் இருக்கேன்" என்று துளசி மலாயில் கத்தினாள். அவர் தொப்பியை அவசரமாகப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

அடுத்த சண்டை தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று. தேர்வு நடக்கும் ராணுவ முகாம் கெடா மாநிலத்தில். வேன் வடக்கே போகும். தலையை முன்பக்கம் வைத்தால் வடக்கே தலைவைத்துப் படுத்ததாகிவிடும்; அது ஆகாது என்றாள் புஷ்பவள்ளி. பாலம் கிழக்கே போகிறது, அதுவரை பரவாயில்லை, பிறகு திருப்பிக்கொள்ளலாம் என்றார் தயாளன். பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தித் திருப்புவதா என்று நாகூர் மீரான் கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"தலை பின்பக்கம். கால் முன்பக்கம். அம்மா தலையப் புடிங்க, அக்கா காலப் புடிங்க. அப்பா முன்னாடி ஏறுங்க. ஹைக்கல், கதவு." படுத்தபடியே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனோம். போய் உட்கார்ந்த பிறகுதான், நான் ஏன் போனேன் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

[இந்த இடத்தில் ஃபெரிப் படகு வந்திருக்க வேண்டும். அலைகளின் தாலாட்டில் கதாநாயகி, தூரத்தில் பட்டர்வொர்த் விளக்குகள், கடற்பறவை. முழுப் பத்தியும் எழுதிவிட்டேன். ஆனால் இப்போது ஃபெரியில் மோட்டார் சைக்கிளையும் நடந்து வருகிறவர்களையும்தான் ஏற்றுகிறார்கள், வேனை ஏற்றுவதில்லை. படுத்து வருகிறவர்களைப் பற்றி விதி ஏதும் இருக்கிறதா தெரியவில்லை. பத்தியைக் கிழித்துப் போட்டேன். பறவைக்காக மட்டும் வருத்தம்.]

பாலத்தின் நடுவில் போக்குவரத்து நின்றுபோனது. முன்னால் ஏதோ லாரியின் சக்கரம் கழன்றுவிட்டதாம். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வேனுக்குள் மீன் ஆணத்தின் வாசனை. கழுவிக் கழுவியும் போகாத வாசனை. புஷ்பவள்ளி கந்தசஷ்டி கவசத்தைத் தொடங்கினாள். தயாளன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தெரியாத யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கே தேர்வு இருந்த ஹைக்கல் தன் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

துளசி கூரையைப் பார்த்தபடி கேட்டாள். "மீரான் மாமா, இடது லேன் நகருதா?"

"மெதுவா நகருதும்மா."

"அதுக்கு மாறிருங்க. இனிமே மாறாதீங்க. அப்பா, தலைய உள்ள எடுங்க. ஹைக்கல், முகாமுக்கு ஃபோன் பண்ணி பாலத்துல ஜாம்னு சொல்லு. ரெண்டு பேர் பேரையும் சொல்லு. அம்மா, கவசத்த மனசுக்குள்ள."

புஷ்பவள்ளி மனசுக்குள் மாறினாள். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் இதைச் சாதிக்க முடியாத தயாளன் திரும்பி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் சரியாக எழுத முடியவில்லை. பயம், அப்புறம் இன்னொன்று.

(பத்தொன்பது வயது மகள், பதினெட்டு வருடக் கல்யாணம். எண்ணிப் பார்க்கும் வாசகர்களுக்கு: என் கணக்குத்தான் தப்பு. இருபத்தொன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். புஷ்பவள்ளி இதைப் படிப்பதற்குள்.)

5

முகாமின் வாசலில் வேனை உள்ளே விடவில்லை. வாசலுக்கும் தேர்வு நடக்கும் மண்டபத்துக்கும் நடுவில் நல்ல தூரம். அதை நடந்து கடந்தால் எலும்பு அமுங்கும்.

நாகூர் மீரான் தயாராக வந்திருந்தார். சோற்று அண்டா தள்ளும் வண்டி ஒன்றை இறக்கினார். மெத்தையோடு துளசியை அதில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். காவலுக்கு நின்ற சிப்பாய் கையை நீட்டி மறித்தான். அவன் பேசியது மலாய், தமிழில் தருகிறேன்.

"என்ன இது? நோயாளியா?"

"இல்லை. தேர்வுக்கு வந்திருக்கிறாள்" என்றார் தயாளன்.

"நோயாளிக்குத் தேர்வு இல்லை. திருப்பிக் கொண்டுபோங்கள்."

"நோய் இல்லை, ஐயா" என்று வண்டியிலிருந்து குரல் வந்தது. "உயரம்."

சிப்பாய்க்கு விளங்கவில்லை. விளக்கினோம். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் விளக்கியதால் இன்னும் விளங்காமல் போனது. அவன் முகம் இறுகியது. "நடக்க முடியாதவர்களை உள்ளே விட எனக்கு உத்தரவு இல்லை."

விடியற்காலையிலிருந்து நாங்கள் காத்து வந்த அரை சென்டிமீட்டர் அந்த இடத்தில் நின்றுபோனது. எழுந்தால் உயரம் போகும். எழாவிட்டால் தேர்வே போகும். புஷ்பவள்ளி அவன் காலில் விழத் தயாராகிவிட்டாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகிழ்ச்சியாக இருந்தது. கதைக்கு உச்சகட்டம் கிடைத்துவிட்டதே.

துளசி எழுந்தாள். மெத்தையை விட்டு இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, விறைப்பாக நின்று அவனுக்கு ஒரு சல்யூட் வைத்தாள். அவனும் தன்னையறியாமல் பதிலுக்கு வைத்துவிட்டான். ஹைக்கலைத் திரும்பிப் பார்த்து, "வா" என்றாள். இருவரும் நடந்து போனார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு ஆச்சரியக்குறியும் ஒரு காற்புள்ளியும் போவதுபோல இருந்தது. [இந்த உவமை நன்றாக இல்லையென்று துளசி பிறகு சொல்லிவிட்டாள். விட்டுவைத்திருக்கிறேன். கதை என்னுடையது.]

உள்ளே எங்களுக்கு அனுமதி இல்லை. அளந்ததை நான் பார்க்கவில்லை. ஆனாலும் "கருவியின் இரும்புக்கரம் அவள் உச்சந்தலையில் விதியைப் போல இறங்கியது" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பிறகு துளசி படித்துவிட்டு, "அது பிளாஸ்டிக், அக்கா" என்றாள்.

நடந்தது இதுதான். அளந்த அதிகாரி ஒருமுறை அளந்தார். குனிந்து மறுபடி பார்த்தார். "தேவையான உயரம் சரியாக இருக்கிறது" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவு நடந்தும் அவள் தேறிவிட்டாள். கிளினிக்கின் அளவுகோல் தப்பா, படுத்து வந்த பலனா, யாருக்கும் தெரியாது. தன் வேன்தான் காரணம் என்று நாகூர் மீரான் இன்றுவரை கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். முருகன் என்கிறாள் புஷ்பவள்ளி. தன் பரம்பரை என்கிறார் தயாளன்.

அன்று மாலை முதலில் வெளியே வந்தவன் ஹைக்கல். கோப்பைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தான். யாரும் கேட்காமலே மலாயில் சொன்னான்.

"ஒரு புத்தகம் காட்டினார்கள். பக்கம் பூராவும் வண்ணப் புள்ளி. உள்ளே ஒரு எண் இருக்கிறதாம். எல்லாரும் வாசித்தார்கள். எனக்குப் புள்ளி மட்டும்தான் தெரிந்தது, அக்கா."

நிறக்குருடு. பத்தொன்பது வருடம் அது அவனுக்கே தெரியாது. சிவப்பு மிளகாய் வாங்கிவரச் சொன்னால் பச்சையோடு வருவான். கவனமில்லாத பிள்ளை என்று காமாரியா அவனைத் திட்டிக்கொண்டே வளர்த்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்து அவன் படுக்கைக்கு மேல் ஒட்டியிருந்தது ராணுவ அணிவகுப்புப் படம் ஒன்றுதான். அது அவன் கண்ணுக்கு எந்த நிறத்தில் தெரிந்ததோ.

இந்த இடத்தில் என் கதை கெட்டுப்போனது. உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் போட்டிருந்த திட்டம் வேறு. ஹைக்கலுக்குக் கிடைக்கும், துளசிக்குக் கிடைக்காது, ஏன் என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள், நான் ஒரு வார்த்தைகூட எழுத வேண்டியதில்லை. காலைப் பிடித்து வாங்கிய கதையை வைத்து இருவர் காலையும் வாரிவிடலாம் என்றிருந்தேன். அவன் இப்படி வெறும் புள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து நிற்பான் என்று யார் கண்டது?

திரும்பும் வழியில் துளசி உட்கார்ந்து வந்தாள். மெத்தை காலியாகக் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஹைக்கல் அதில் ஏறிப் படுத்து, கண்மேல் கையைப் போட்டுக்கொண்டான். புஷ்பவள்ளி கவசத்தை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். வளைவில் மெத்தை நகர்ந்தபோது துளசி அவன் கால்களை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பினாங்கு வரை விடவில்லை.

இந்தப் பத்தியை அழகாக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அசிங்கமானது.

6

நேர்முகத் தேர்வு பிறகு கோலாலம்பூரில் நடந்தது. தயாளன் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு பேருந்தில் போனார். திரும்பி வந்ததும் என் வீட்டுக் கதவைத் தட்டி, "ஒங்க பேச்ச அவ பேசல, ஜெகா" என்றார், மன்னிப்புக் கேட்பவர்போல.

துளசியே விவரம் சொன்னாள். மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் கேட்டார்: ஏன் சேர விரும்புகிறாய்? மண், கொடி, வியர்வை எல்லாம் நாக்கு நுனிவரை வந்ததாம். "எனக்கே சிரிப்பு வந்துருச்சி, அக்கா. அதான் உள்ளதச் சொல்லிட்டேன்."

"ஆர்டர் குடுக்கப் புடிக்கும்னா?"

"ஆமா. மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நீ சொல்லி ஆளுங்க கேக்கலன்னா என்ன பண்ணுவன்னு கேட்டாரு. எங்க அப்பாவும் மொதல்ல கேக்க மாட்டாரு சார், ரெண்டாந்தடவ சத்தத்தக் கொறச்சிச் சொல்வேன், அப்ப கேப்பாருன்னேன்."

"அதுக்கு?"

"எழுதிக்கிட்டாரு."

"என்ன எழுதினாரு?"

"எனக்கு எப்படி அக்கா தெரியும்?"

அந்த வாரமே எங்கள் கடைக்குச் சந்திரசேகரன் வந்தார். இவரை இதுவரை கதைக்குள் விடாமல் தள்ளிவைத்திருந்தேன், இனி முடியாது. புஷ்பவள்ளிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஆகவே துளசிக்கு மாமா. பினாங்குத் தமிழ் இளைஞர் எழுச்சிப் பேரவையின் தலைவர். பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்ட இளைஞர். துளசி விண்ணப்பித்ததைக் கேட்டபோது, "நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அங்க இடம் குடுப்பானா? வேலையப் பாரு" என்று சொன்னவர் இவர்தான். இவர் எதற்கும் விண்ணப்பித்ததில்லை. தலைவர் பதவிக்குக்கூட இவரையேதான் மற்றவர்கள் வேண்டிக்கொண்டார்களாம்.

இரண்டு பேனர் வேண்டும் என்றார். ஒன்றில் 'வாழ்த்துகிறோம்'. மற்றதில் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்'.

"ரெண்டும் எதுக்குங்க ஐயா?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கே ஏத்தணும்லா. ஒரு நாள் தாமதிச்சா வேற சங்கத்துக்காரன் ஏத்திருவான்."

"துளசி படம் எவ்வளவு பெருசு?"

"அது ஓரத்துல சின்னதா இருந்தாப் போதும். என்னோடது நடுவுல. வாழ்த்துல சிரிக்கிற படம். கண்டனத்துல சிரிக்காத படம்."

அவரிடம் சிரிக்காத படம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தார். இரங்கல் கூட்டப் படத்திலும் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானே கணினியில் அவர் வாயை மூடினேன். வேறு யாராலும் இதுவரை முடியாத காரியம்.

7

முடிவு கைவசம் மூன்று இருந்தது. வாசகர்களுக்கு வஞ்சகம் செய்யாமல் மூன்றையும் விரித்து வைக்கிறேன்.

முதல் முடிவில் துளசிக்கு இடம் கிடைக்கிறது. பேண்டு வாத்தியம், சீருடை, தயாளன் கண்ணில் ஒரு துளி. தேசிய மாதமான ஆகஸ்டில் நடக்கும் சிறுகதைப் போட்டிக்கு இது பொருத்தம். சந்திரசேகரன் மேடையில் ஏறி, தன் ஊக்கத்தால்தான் இந்தப் பெண் என்று

போதும். அடுத்தது.

இரண்டாவது முடிவில் கிடைக்கவில்லை. காரணம் சொல்லாத மின்னஞ்சல். இலக்கிய வட்டத்தில் இதற்குத்தான் மதிப்பு. கடைசி வரியில் மௌனம் வைத்தால் விருதுகூடக் கிடைக்கும். இது பொய்யான முடிவும் அல்ல. எல்லாத் தகுதியும் இருந்து, காரணம் சொல்லப்படாமல் திரும்பி வந்த பிள்ளைகளின் வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் நான் டீ குடித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வலியை எடுத்து, முடிவு தெரியாத இன்னொரு பிள்ளையின் கதைக்கு ஒட்டுப்போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதோடு அந்த முடிவில், "அன்னிக்கே சொன்னேன்ல" என்று சந்திரசேகரன் மறுபடியும் மேடையில் ஏறுகிறார். எப்படி முடித்தாலும் இந்த மனிதர் மேடையில்தான் இருக்கிறார். தொழில்நுட்பரீதியாக இது என் கதையின் பெரிய பலவீனம். சமூகத்தின் பலவீனம் என்றும் சொல்லலாம், நான் சொல்லவில்லை.

மூன்றாவது முடிவில் துளசியும் ஹைக்கலும், மழை, மொட்டைமாடி. இது என் தொடர்நாடக மூளையின் வேலை. இதைப் புஷ்பவள்ளி ஒரு பக்கம், காமாரியா மறுபக்கம் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள். எரித்துவிட்டேன்.

8

முடிவு வந்துவிட்டது. என்னுடையது அல்ல, அகாடமியினுடையது.

பகல் வேளை. நான் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் கைப்பேசி ஒலித்தது. பிறகு சத்தமே இல்லை. நான் காதைச் சுவரில் வைத்தேன். (முகம் சுளிக்காதீர்கள். எட்டாவது பகுதிவரை நீங்களும் என்னோடு வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள்.) துளசி என்னவோ சொன்னாள். புஷ்பவள்ளி அழுதாள். அவள் அழுகையிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல சேதிக்கும் அதே ராகம்தான். தயாளன், "சரிடா. சரிடா" என்றார். கதவு திறந்தது. துளசி படியிறங்கிக் கீழ்மாடிக்குப் போனாள். முதலில் ஹைக்கலிடம்தான் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. அவன் இப்போது பயான் லெப்பாஸில் விமானப் பராமரிப்புப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். கண்ணைப் பற்றி முன்கூட்டியே விசாரித்துவிட்டு.

அரைமணி கழித்து என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, என்னப் பத்திக் கத எழுதுறீங்களாமே?"

"யார் சொன்னது?"

"நீங்க எழுதும்போது வாய்விட்டுப் படிக்கிறீங்க. சொவரு சன்னம்."

கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், வேனில் திரும்பி வந்த பத்தியில் கொஞ்சநேரம் நின்றாள். ஏழாவது பகுதிக்கு வந்ததும் தலையை நிமிர்த்தினாள்.

"ரிசல்ட்ட நான் ஒங்ககிட்ட சொல்றேன். ஆனா இதுல போடக் கூடாது."

சொன்னாள். அவளைக் கட்டிக்கொண்டேன். என்னால் அதற்குமேல் எழுத முடியாது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டிக்கொள்வது ஒன்றுதான்.

"ஏன் போடக் கூடாது?"

"கெடச்சிருச்சின்னா, பாத்தியா ஒழுங்காப் படிச்சா கெடைக்கும், அழுறவன்லாம் சும்மா அழுறான்னு சொல்வாங்க. கெடைக்கலன்னா, பாத்தியா நமக்குக் குடுக்க மாட்டான்னு சொல்வாங்க. ரெண்டுலயும் நான் இல்ல, அக்கா. மாமாவுக்கும் சொல்ல வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அப்பா கேப்பாரா?"

"ரெண்டு தடவ சொல்ல வேண்டி வரல."

"துளசி, இவ்வளவு தூரம் படிச்சிட்டு வந்த வாசகர்கள் என்னை என்ன சொல்வாங்க? கோவப்படுவாங்க லா."

அவள் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் ஓடப் போகிறாள். கிடைத்தவளாக ஓடப்போகிறாளா, கிடைக்காதவளாக ஓடப்போகிறாளா என்று அந்தக் காலணியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லாக் கோவப்படட்டும். ரொம்பத் தெரிஞ்சிக்கணும்னா அவங்க வீட்டுப் பிள்ளைய ஒரு தடவ அப்ளை பண்ணச் சொல்லுங்க. அப்பத் தெரிஞ்சிரும்."